உயிர் காக்கும் வேலை தொழில்நுட்பம் இல்லையா?

 

கொஞ்சம் நீளமான பதிவு இது. ராணுவத்தில் இருக்கும் பிள்ளைகளும், பிளஸ் டூ முடித்த மகனை ராணுவத்துக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோரும் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இப்போது சின்னசேலம் பக்கம் இருக்கிறாள், விமானப் படையின் ஆள் எடுப்பு அறிவிப்பு ஒன்றை அனுப்பி, "டீச்சர், பையன் பயாலஜி குரூப் படிச்சிருக்கான். மருத்துவ உதவியாளர் வேலைக்குப் போடலாமா?" என்று கேட்டிருந்தாள். தாராளமாகப் போடச் சொல் என்று பதில் எழுதினேன். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 50 விழுக்காடு மதிப்பெண் வாங்கியிருந்தால் விண்ணப்பிக்கலாம். மதிப்பான வேலை. அக்னிபத் வந்த பிறகும் இந்த வேலைக்கு மட்டும் பழையபடி நீண்ட காலப் பணியாகவே ஆள் எடுக்கிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆளை மாற்றினால் இந்த வேலைக்குச் சரிப்படாது என்று அரசே நினைக்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் இந்த வேலைக்கு விமானப் படை வைத்திருக்கும் பிரிவின் பெயர் என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "குரூப் ஒய், தொழில்நுட்பம் சாராதது." மருத்துவ உதவியாளர் அந்தப் பிரிவில்தான் வருகிறார்.

பீறிட்டு வரும் ரத்தத்தை நிறுத்துவது, அடைபட்ட மூச்சுப் பாதையைத் திறந்து வைப்பது, இருட்டில் கைவிளக்கு வெளிச்சத்தில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றுவது, பத்துப் பேர் விழுந்து கிடக்கும் இடத்தில் யாரை முதலில் தூக்க வேண்டும் என்று முடிவு செய்வது. இவை எல்லாம் தொழில்நுட்பம் சாராத வேலைகளா? வெறும் பெயர்தானே என்று விட்டுவிடலாம் என்றால், அந்தப் பெயரோடு பணமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 7-ஆவது ஊதியக் குழுவுக்குப் பிறகு வந்த விமானப் படை அறிவிப்புகளில், பயிற்சி முடித்த குரூப் ஒய் வீரருக்குத் தொடக்க ஊதியம் அகவிலைப்படி சேர்க்காமல் 26,900 ரூபாய். அதாவது அடிப்படை ஊதியம் 21,700, ராணுவப் பணி ஊதியம் 5,200. அதே காலத்தில் தொழில்நுட்பப் பிரிவான குரூப் எக்ஸ் வீரருக்கு 33,100 ரூபாய். வித்தியாசம் 6,200 ரூபாய். இதற்கு எக்ஸ் ஊதியம் என்று பெயர். ஆண்டுக்கு 74,400. இருபது ஆண்டுப் பணிக்குக் கூட்டிப் பாருங்கள், 14 லட்சத்து 88 ஆயிரம் ரூபாய் வருகிறது. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது ஒரு வீடு, அல்லது ஒரு மகளின் படிப்பு.

இயந்திரத்தைப் பழுது பார்ப்பவருக்கும் ரேடாரைப் பார்த்துக்கொள்பவருக்கும் அந்தப் பணம் கிடைப்பதில் எனக்கு மனவருத்தம் இல்லை. கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த 6,200 ரூபாயைப் பெற ஒரு நிபந்தனை இருக்கிறது. ஏ.ஐ.சி.டி.இ. என்னும் தொழில்நுட்பக் கல்விக் குழு ஏற்ற பட்டயத்துக்கு இணையான தகுதி இருக்க வேண்டும். அந்தக் குழு பார்ப்பது பாலிடெக்னிக்கையும் பொறியியல் கல்லூரியையும். காயத்துக்குக் கட்டுப் போடும் படிப்பு அதன் வேலையே இல்லை. ஆகவே மருத்துவ உதவியாளர் எவ்வளவு நன்றாகப் படித்தாலும், எத்தனை உயிரைக் காப்பாற்றினாலும், அந்தக் கதவு அவருக்குத் திறக்க வழியே இல்லை.

ஆபத்தான இடத்தில் வேலை செய்தால் தனிப்படி கிடைக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். சியாச்சினில் இருக்கும் ஜவானுக்கு 2017-இல் மாதம் 30,000 ரூபாய் படி என்று நிர்ணயித்தார்கள், அதிகாரிக்கு 42,500. ஆனால் அது இடத்துக்குக் கொடுக்கும் பணம். துப்பாக்கி பிடிப்பவருக்கும், சமைப்பவருக்கும், மருத்துவ உதவியாளருக்கும் ஒன்றாகவே கிடைக்கும். அதுதான் நியாயமும்கூட. நான் கேட்பது வேறு. கற்ற திறமைக்கு என்று ஒரு பணம் இருக்கிறதே, அது இவருக்கு ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

ஒரே மருத்துவமனை வார்டுக்குள் பாருங்கள். ராணுவ மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்தவர். அவருடைய பட்டம் வெளியிலும் செல்லும். ராணுவச் செவிலியர் அதிகாரிகள் நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள். அவர்களுக்கு ராணுவப் பணி ஊதியம் 10,800. அவர்களின் பட்டமும் வெளியில் செல்லும். அவர்களுக்குக் கீழே இரவு பகலாக நிற்கும் நர்சிங் அசிஸ்டென்ட்டுக்கு மட்டும் பணி ஊதியமும் குறைவு, வெளியில் செல்லும் சான்றிதழும் இல்லை. மூவரும் தொடுவது ஒரே நோயாளியைத்தான்.

இவர்கள் என்னதான் செய்துவிட்டார்கள் என்று இளைய பிள்ளைகள் கேட்கலாம். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தைச் சொல்கிறேன்.

1950 நவம்பரில் இந்தியா கொரியப் போருக்குத் துப்பாக்கிப் படையை அனுப்பவில்லை, ஒரு மருத்துவப் படையை அனுப்பியது. 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு என்று பெயர். தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், நம் தமிழ்நாட்டுக்காரர். 1941-லேயே பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். அந்த டிசம்பரில் பியாங்யாங் நகரைவிட்டு எல்லோரும் பின்வாங்கியபோது, மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு வர மனமில்லாமல், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி ரயிலைத் தாங்களே இயக்கி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 1951 மார்ச் 23 அன்று அமெரிக்கப் படையோடு முன்சான் என்ற இடத்தில் இந்தப் பிரிவிலிருந்து 12 பேர் வானத்திலிருந்து குதித்து, இறங்கிய இடத்திலேயே சிகிச்சையைத் தொடங்கினார்கள். கொரியாவில் இருந்த ஆண்டுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தப் பிரிவு சிகிச்சை அளித்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

அந்தப் பிரிவில் இருந்தவர்கள் 600-க்கும் மேல். அறுவை சிகிச்சை மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். மற்ற வேலையை எல்லாம் செய்தது யார் கைகள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதே பிரிவின் வழியில் வந்த கள மருத்துவமனைதான் 2023 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு துருக்கி சென்று, இஸ்கெண்டெருனில் 99 பேர் கொண்ட குழுவோடு ஏறத்தாழ 3,600 பேருக்குச் சிகிச்சை அளித்தது.

அடுத்தது பயிற்சித் தரம். ஊதியத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம். தரம் இல்லாமல் ஊதியம் மட்டும் கேட்டால் அதை யாரும் மதிக்க மாட்டார்கள்.

அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் 2001 முதல் 2011 வரை ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இறந்த தங்கள் வீரர்கள் 4,596 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 87 விழுக்காட்டினர் மருத்துவமனையை எட்டும் முன்பே இறந்திருக்கிறார்கள். அப்படி வழியில் இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது. காப்பாற்றியிருக்கக் கூடிய அந்த மரணங்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் ரத்தப்போக்கு. பெரிய மருத்துவமனை, பெரிய மருத்துவர், விலை உயர்ந்த கருவி எல்லாம் இருந்தும், காயம்பட்ட இடத்தில் முதல் சில நிமிடங்களில் பக்கத்தில் இருந்தவருக்கு என்ன தெரியும் என்பதுதான் பலருடைய உயிரை முடிவு செய்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம் கல்வராயன் மலைதான் நினைவுக்கு வந்தது. வெள்ளிமலை, சேராப்பட்டு, கரியாலூர் பக்கத்துச் சிற்றூர்களில் ஒருவருக்கு ஆபத்து என்றால் முதல் போராட்டம் வண்டி வரும் சாலைக்கு ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது. அதற்குப் பிறகுதான் கச்சிராயபாளையமும் கள்ளக்குறிச்சியும். 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மக்களின் அடிப்படை வசதி பற்றிய வழக்கை எடுக்கும் நிலைமைதான் இன்றும் இருக்கிறது. நமக்கு 2019 நவம்பரில் தனி மாவட்டம் வந்தது. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. பெருமைதான். ஆனால் மலையில் விழுந்தவருக்கும் சிறுவங்கூர்க் கட்டிலுக்கும் நடுவில் இருக்கும் நேரத்தைக் கல்லூரிக் கட்டடம் குறைத்துவிடாது. அந்த நேரத்தில் நோயாளியின் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதே கேள்வி.

பக்கத்தில் இருப்பவர் அரைகுறையாகத் தெரிந்தவராக இருந்தால் அது இன்னும் ஆபத்து. ஒரே ஒரு எடுத்துக்காட்டு. டூர்னிகெட் என்று ஓர் இறுக்குப் பட்டை. குண்டடிபட்ட காலில் ரத்தம் பீறிட்டால் அதைச் சரியான இடத்தில் இறுக்கிக் கட்டினால் உயிர் பிழைக்கும். அதே மாதிரி இறுக்கமான கட்டைப் பாம்பு கடித்த காலில் போட்டால் கால் கெட்டுப் போகலாம், கட்டை அவிழ்க்கும்போது உயிருக்கே ஆபத்தும் வரலாம். பாம்புக்கடிக்குக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் கையை காலை அசையாமல் வைத்து, தைரியம் சொல்லி, விஷமுறிவு மருந்து இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. எங்கே கட்ட வேண்டும், எங்கே கட்டக் கூடாது என்று தெரிந்திருப்பதுதான் பயிற்சி. இது இரண்டு நாள் முகாமில் வராது. படித்து, செய்து பார்த்து, தேர்வு எழுதி, மறக்காமல் இருக்க மறுபடியும் எழுதி வர வேண்டியது.

2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்ததை நம் மாவட்டத்தார் யாரும் மறந்திருக்க மாட்டோம். அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். அந்த மெத்தனால் சாவுகளின் காரணங்கள் வேறு, அதை இங்கே பேசவில்லை. ஆனால் வயிற்று வலி, கண் மங்கல் என்று ஒரே தெருவில் பலர் விழும்போது, இது சாதாரணப் போதை இல்லை என்று அடையாளம் கண்டு, யாரை எந்த வண்டியில் முதலில் ஏற்றுவது என்று பிரிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நான்கு பேர் இருப்பது எவ்வளவு அவசியம் என்று அன்று தெரிந்தது. அப்படிப் பிரித்தெடுக்கும் முறை உலகத்துக்குப் போர்க்களத்திலிருந்து வந்ததுதான். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசைப்படுத்தினார்.

இந்த வேலையைப் பழகியவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருக்கும் நர்சிங் அசிஸ்டென்ட்டுகளைச் சொல்கிறேன்.

என்னிடம் படித்தவன் ஒருவன். ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து, லக்னோவில் பயிற்சி எடுத்து, 17 ஆண்டுகள் வேலை செய்தவன். பனிமலைச் சாவடியில் மருத்துவர் இல்லாத இடத்தில் இவன்தான் எல்லாம். உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறும் வீரனுக்கு ஆக்சிஜன் கொடுத்து, காற்றழுத்தப் பைக்குள் வைத்து, ஹெலிகாப்டர் வரும்வரை கண் மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஓய்வு பெற்று வந்தவன் இப்போது வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் காவலாளி. ஆம்புலன்ஸ் வந்தால் கதவைத் திறந்துவிடுகிறான். உள்ளே இருப்பவரின் உதட்டு நிறத்தைப் பார்த்தே நிலைமை அவனுக்குப் புரிகிறது. ஆனால் தொடக் கூடாது. "அவங்க மேல தப்பு இல்ல டீச்சர். தொடறதுக்கு என்கிட்ட என்ன காகிதம் இருக்கு?" என்று கேட்டான்.

அவன் சொன்னது சரிதான். அரசு மருத்துவமனையில் செவிலியர் ஆக, செவிலியர் பட்டயமோ பட்டமோ முடித்து, செவிலியர் குழுமத்தில் பதிந்திருக்க வேண்டும். நம் மாநிலத்து 108 ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் வேலைக்கு, அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் 19 முதல் 30 வயதுக்குள் கேட்டிருந்தார்கள். பதினேழு ஆண்டு ராணுவத்தில் இருந்தவன் 30 வயதுக்குள் எப்படி இருப்பான்?

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மத்திய அரசு விதிப்படி, பத்தாம் வகுப்பு படித்து 15 ஆண்டு படையில் இருந்த முன்னாள் வீரரை, பட்டப்படிப்பு கேட்கும் சில குரூப் சி வேலைகளுக்குத் தகுதியானவராகக் கொள்ளலாம். ஆனால் தொழில்நுட்ப அனுபவம் தேவைப்படாத வேலைகளுக்கு மட்டும். அதாவது, 15 ஆண்டு வார்டில் நின்றவர் கோப்பு புரட்டும் மேசைக்குப் பட்டதாரிக்குச் சமம். வார்டுக்கு மட்டும் ஒன்றும் இல்லாதவர்! சில மாநிலங்களிலும் சில துறைகளிலும் ராணுவப் பயிற்சியைக் கணக்கில் எடுத்துக்கொள்வது உண்டு. நான் கேட்பது அப்படி ஆங்காங்கே கிடைக்கும் சலுகையை அல்ல. நாடு முழுதும் செல்லும் ஒரே வழியை.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் பெற்றவள். பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், "இவள் நன்றாகப் பாடம் நடத்துவாள்" என்ற அவர்களின் வாய்ச் சொல் எனக்கு வேலை வாங்கித் தந்திருக்காது. அரசுத் தேர்வு எழுதினேன். வெளியிலிருந்து வந்தவர் நான் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட்டார். அதனால்தான் அந்தக் காகிதம் எந்த ஊர்ப் பள்ளியிலும் செல்லுபடியானது. ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்ட்டுக்குப் பயிற்சி கொடுப்பதும், தேர்வு வைப்பதும், தகுதி வகுப்பு போடுவதும் பெரும்பாலும் ராணுவமே. பயிற்சி நல்ல பயிற்சியாகத்தான் இருக்கும். ஆனால் வெளியில் இருப்பவருக்கு அதன் தரம் தெரிய வழி இல்லை. தரம் தெரியாததால் படைக்குள் திறமைப் பணம் இல்லை, படைக்கு வெளியே வேலை இல்லை. இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான்.

அமெரிக்காவில் இந்த வேரைத்தான் சரி செய்தார்கள். அவர்களின் ராணுவ மருத்துவ உதவியாளர் 16 வாரப் பயிற்சியின் ஒரு பகுதியாக, ஊரில் ஆம்புலன்ஸில் வேலை செய்பவர் எழுதும் அதே தேசியப் பதிவுத் தேர்வை எழுதித் தேற வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். படையைவிட்டு வரும்போது அவர் கையில் ஊரில் செல்லும் சான்று இருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன். 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர், கடற்படையிலிருந்து வந்த மருத்துவ உதவியாளர்கள் நான்கு பேரைக் கொண்டு ஒரு புதிய படிப்பைத் தொடங்கினார். கைத்திறமை இருக்கிறது, காகிதம் இல்லை என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் மருத்துவருக்குத் துணையாக நின்று சிகிச்சை செய்யும் பிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற தொழில். இன்று அந்த நாட்டின் கிராமத்து மருத்துவமனைகள் பல அவர்களை நம்பி நடக்கின்றன.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் தயாராகவே இருக்கிறது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம். அதன் பட்டியலில் அவசர மருத்துவத் தொழில்நுட்பர் என்ற பெயரே இருக்கிறது. துணை மருத்துவத் தொழிலர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு என்று அளவும் இருக்கிறது. மத்தியப் பதிவேடு, மாநிலப் பதிவேடு இரண்டும் உண்டு. ஊரில் அந்த வேலையைத் தொழில்நுட்பம் என்று சட்டமே சொல்கிறது. அதே வேலையை முகாமில் செய்தால் மட்டும் தொழில்நுட்பம் சாராதது என்றால் எப்படிப் பொருந்தும்?

நேரமும் பொருத்தமானது. 2025 ஜனவரியில் 8-ஆவது மத்திய ஊதியக் குழு அறிவிக்கப்பட்டது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அதன் தலைவர். ராணுவத்தினரின் ஊதியமும் அதன் வரம்புக்குள் வருகிறது. ஆகவே நான் கேட்பவை இவை:

1. படையின் மருத்துவ உதவியாளர் பயிற்சியை 2021 சட்டத்தின் பாடத்திட்டத்தோடு இணைக்க வேண்டும். வகுப்பிலும் வார்டிலும் செலவிட்ட மணிகளை 2,000 மணிக் கணக்கில் சேர்க்க வேண்டும். குறையும் மணிகளைப் பணியில் இருக்கும்போதே முடிக்க வழி செய்ய வேண்டும்.

2. தேர்வை வெளியார் நடத்த வேண்டும். தேறியவர் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். சில ஆண்டுக்கு ஒருமுறை மறுதேர்வும் வேண்டும்.

3. பதிவு பெற்றவருக்கு எக்ஸ் ஊதியத்துக்கு இணையான திறமை ஊதியம் தர வேண்டும். மறுதேர்வில் தவறினால் நிறுத்திக்கொள்ளட்டும். தரத்தோடு கட்டிய ஊதியம் என்றால் கேட்பவருக்கும் மரியாதை, கொடுப்பவருக்கும் பயன்.

4. ஓய்வு பெற்று வரும் பதிவு பெற்ற உதவியாளர்களுக்கு 108 ஆம்புலன்ஸிலும் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வயது வரம்பைத் தளர்த்தி மாநில அரசு வேலை தர வேண்டும். குறிப்பாகக் கல்வராயன் மலை போன்ற இடங்களில்.

எதிர்க் கேள்விகள் வரும் என்று தெரியும். முதல் கேள்வி, "ஏற்கெனவே போலி டாக்டர் தொல்லை. இவர்களையும் ஊசியோடு ஊருக்குள் விட வேண்டுமா?" நியாயமான பயம். அதனால்தான் நான் சலுகை கேட்கவில்லை, தேர்வு கேட்கிறேன். பதிவேட்டில் பெயர் இருப்பவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுதி வைத்தால் போலி எது என்று அடையாளம் காண்பது இன்னும் எளிது. திறமை உள்ளவருக்கு நேர்வழியை அடைத்து வைத்தால்தான் பின்வாசல் வழிகள் பிறக்கும்.

இரண்டாவது, "ஒரு பிரிவுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்." நம் இடைநிலை ஆசிரியர் நண்பர்களுக்கு இந்தப் பதில் நன்றாகப் பழக்கம். 2009 மே 31-க்கு முன் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370, அடுத்த நாள் சேர்ந்தவருக்கு 5,200 என்று வைத்து, அதே வகுப்பில் அதே பாடம் நடத்தச் சொன்னார்கள். எத்தனை போராட்டம், எத்தனை ஆண்டு! முரண்பாட்டைத் தொடக்கத்திலேயே சரி செய்யாவிட்டால் அது பணத்தை மட்டும் தின்பதில்லை, வேலை செய்பவரின் மனதையும் தின்னும். கேட்பவர் எல்லோரும் வெளியார் நடத்தும் தேர்வை எழுதித் தேறட்டும், பிறகு கொடுக்கலாம் என்று சொன்னால் வரிசை தானாகவே சரியாகிவிடும்.

மூன்றாவது, "நாட்டுக்காகப் போகிறவன் சம்பளம் பார்ப்பானா?" பார்க்க மாட்டான். அதனால்தான் நாம் பார்க்க வேண்டும். வாய் திறந்து கேட்காதவனுக்குக் குறைத்துக் கொடுப்பது நன்றி ஆகாது.

கடைசியாக, பணியில் இருக்கும் என் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். நீங்கள் எடுத்த ஒவ்வொரு பயிற்சிக்கும் நாள், மணி, பாடம் குறித்த தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் உங்கள் தகுதி வகுப்பு சரியாக ஏறியிருக்கிறதா என்று வெளியே வரும் முன்பே பாருங்கள். பணியில் இருக்கும்போதே அங்கீகாரம் பெற்ற துணை மருத்துவப் படிப்புக்கு வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். படிக்கும் வயது போய்விட்டது என்று சொல்லாதீர்கள், அந்தச் சாக்கை நான் ஐந்தாம் வகுப்பிலேயே ஏற்றுக்கொண்டதில்லை. ஊருக்கு வந்ததும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பெண் பிள்ளைகளுக்கு ராணுவ நர்சிங் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்க வழி இருக்கிறது. அந்தப் பட்டம் எங்கும் செல்லும் என்பதை மறுபடியும் நினைவுபடுத்துகிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், பத்திரிகையில் இருக்கிறீர்கள், ஊராட்சியில் இருக்கிறீர்கள், அரசு மருத்துவர்களாகவும் இருக்கிறீர்கள். மேலே உள்ள நான்கு கோரிக்கைகளையும் ஒரு மனுவாக எழுதி, நம் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சட்டம் தெரிந்தவர்கள் வாசகத்தைத் திருத்திக் கொடுங்கள். ஓய்வு பெற்ற மருத்துவ உதவியாளர்கள் நம் மாவட்டத்தில் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள், அவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கிய பிறகு, எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள். பெயரையும் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில் கை தூக்கியவர்களை நான் ஒருபோதும் உட்காரச் சொன்னதில்லை.

எல்லோரும் நலமாக இருங்கள். மழைக்காலம், மலைப்பாதையில் இரவில் வண்டி ஓட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கள்ளக்குறிச்சி.